பதினேழாம் எண் மரம்

லூர்துராணிக்குக் கோபம் அதிகம் என்று பூங்காவில் வேலை செய்த எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவள் தனக்காகக் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. மாதச் சம்பளம் பத்து நாள் தள்ளி வந்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். தோட்ட வேலை செய்யும் பாப்பாயியை யாராவது "ஏய் தண்ணிக்காரி" என்று கூப்பிட்டுவிட்டால் மட்டும் டிக்கெட் ஜன்னலுக்குள்ளிருந்து தலை வெளியே வந்துவிடும்.

"அவங்களுக்குப் பேர் இருக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் பக்கம் இறங்கினால் ஆற்றோரமாக அந்தப் பூங்கா இருந்தது. ஒரு வரிசையில் மரங்கள், இரண்டு பறவைக் கூண்டுகள், நான்கு ஊஞ்சல், ஓட்டுக்கூரை போட்ட ஓர் ஆபீஸ். 1954-இல் எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்பும் முடித்த கையோடு லூர்துராணி அங்கே கிளார்க்காகச் சேர்ந்தாள். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். வீடு பாலக்கரையில். காலையில் டவுன் பஸ் ஏறி வருவாள். டைப் அடிப்பதும் டிக்கெட் கொடுப்பதும் அவள் ஒருத்தியின் வேலை.

ஜன்னலில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜனங்கள் உள்ளே போகிறார்கள், கால் மணி நேரத்தில் திரும்பி வருகிறார்கள். ஒரு நாள் குடும்பத்தோடு வந்த ஒருவரைக் கேட்டே விட்டாள்.

"என்னங்க பார்த்தீங்க உள்ளே?"

"மரம் பார்த்தோம்."

"என்ன மரம்?"

"மரந்தாங்க. பச்சையா இருந்துச்சு."

அதே வாரம் இன்னொன்றையும் பார்த்தாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பாப்பாயி ஒரு நுணா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் பள்ளிப் பிள்ளைகள். பாப்பாயி கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். உள்ளே மஞ்சளாக இருந்தது. "பாரு, மரத்துக்குள்ள மஞ்சள் அரைச்சு வெச்சிருக்கு" என்றாள். பிள்ளைகள் ஆளுக்கொரு குச்சியைத் தேடி ஓடின. அரை மணி நேரம் ஆகியும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பாப்பாயிக்கு ஊர் மருங்காபுரிப் பக்கம். மழை இல்லாத காட்டில் வளர்ந்தவள். எந்த இலையை ஆடு தின்னும், எதைத் தின்றால் செத்துப்போகும், எந்தக் கட்டை புகையாமல் எரியும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

லூர்துராணி அன்றைக்கே பழைய சூப்பரின்டெண்டிடம் போய் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பாயி மரங்களைப் பற்றியும், கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் ரஹீம் பறவைகளைப் பற்றியும் வருகிறவர்களுக்குச் சொல்லட்டும் என்று கேட்டாள். அவர் ரிட்டையர் ஆகிற வயதில் இருந்தவர். "சொல்லிட்டுப் போகட்டும். தண்ணி ஊத்தற வேலை கெடக் கூடாது" என்றார்.

கெடவில்லை. அதற்கான ஏற்பாட்டை லூர்துராணி செய்தாள். ஞாயிறு காலை தண்ணீர் முறையை ஏழு மணிக்குள் முடிக்கும்படி மாற்றினாள். பேசிப் பேசித் தொண்டை வறளும் என்று மரத்தடியில் ஒரு பானை வைத்தாள். சாயங்காலம் ஜன்னலைச் சாத்திய பிறகு இரண்டு பேரையும் உட்கார வைத்து, "இன்னைக்கு யாரு என்ன கேட்டு உங்களுக்குப் பதில் தெரியல?" என்று கேட்பாள். அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். மறுநாள் தெரிந்தவர்களிடம் அலைந்து பதில் வாங்கி வருவாள். நாட்டு மருந்துக் கடைக்காரர், புத்தூர் கால்நடை டாக்டர், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு பாதிரியார் என்று யாரையும் விடமாட்டாள்.

"கிளார்க்கம்மா, கிளி எத்தனை வருஷம் உசிரோட இருக்கும்னு ஒருத்தர் கேட்டாரு" என்பார் ரஹீம். "நான் என் மச்சான் ரிட்டையர் ஆகுற வரைக்கும் இருக்கும்னு சொல்லிட்டேன். சரிதானே?"

"உங்க மச்சானுக்கு என்ன வயசு பாய்?"

"அது அவனுக்கே தெரியாது."

இப்படியே நான்கு வருஷம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பாயி பின்னால் ஐம்பது பேர், அறுபது பேர் நடந்தார்கள்.

1959-இல் புது சூப்பரின்டெண்ட் வந்தார். பெயர் அமிர்தராஜ். மதராஸிலிருந்து மாற்றலாகி வந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காலை எட்டு மணிக்கே வந்துவிடுவார். எதையும் ஒழுங்காக வைக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர். வந்த மாதமே மரங்களுக்கெல்லாம் தகரப் பலகை எழுதி மாட்டச் சொன்னார். பூங்காவின் ரிஜிஸ்டரில் பதினெட்டு மரங்கள் வரிசை எண்ணோடு இருந்தன. பெயிண்டர் அதைப் பார்த்துப் பதினெட்டுப் பலகைகள் எழுதினான். ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாக ஆணி அடித்துக்கொண்டே போனான். பதினேழு மாட்டியதும் மரம் தீர்ந்துபோயிற்று. கையில் ஒரு பலகை மிச்சம். அதைக் கொண்டுவந்து ஆபீஸ் பீரோவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நடந்தது இதுதான். பதினேழாம் எண்ணில் இருந்த தேத்தான் மரம் போன கார்த்திகையில் அடித்த காற்றில் விழுந்துவிட்டது. வேரோடு அப்புறப்படுத்தி, குழியை மூடி, புல்லும் முளைத்தாயிற்று. ஆனால் ரிஜிஸ்டரில் அது நின்றுகொண்டே இருந்தது. அதனால் அதன் பலகை அடுத்த மரத்துக்குப் போயிற்று. அடுத்த மரம் எட்டி.

தேத்தாங்கொட்டை திருச்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சாமான். ஆடி மாதம் காவிரியில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்போது, அந்தக் கொட்டையைப் பானையின் உள்பக்கத்தில் உரைத்துவிட்டால் மண் அடியில் தங்கித் தண்ணீர் தெளிந்துவிடும். கொட்டையைக் கடையில் பார்த்திருப்பார்கள். மரத்தைப் பார்த்தவர்கள் குறைவு. எட்டிக்காயோ விஷம். பழுத்தால் சின்ன ஆரஞ்சுப் பழம் போல அழகாக இருக்கும். அந்த மரத்தில்தான் இப்போது, 'தேத்தான். இதன் விதை கலங்கிய குடிநீரைத் தெளிய வைக்கும்' என்ற பலகை பளபளவென்று தொங்கியது.

பாப்பாயிக்குப் பலகையைப் படிக்கத் தெரியாது. அவள் எப்போதும் போல, "இது எட்டிங்க. கைல தொடாதீங்க, புள்ளைங்களப் பிடிச்சுக்குங்க" என்றாள். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "போர்டுல வேற மாதிரி இருக்கே!"

பாப்பாயி ஜன்னலுக்கு ஓடி வந்தாள். லூர்துராணி வந்து பார்த்தாள். ஆபீஸுக்குப் போய் பீரோவுக்குப் பின்னால் இருந்த பலகையை இழுத்தாள். 18, எட்டி. அதைத் தூக்கிக்கொண்டு நேராக அமிர்தராஜ் மேஜைக்குப் போனாள்.

"சார், பதினேழாம் மரம் போன வருஷம் விழுந்துடுச்சு. இப்ப நிக்கிறது எட்டி. போர்டை மாத்தணும்."

அவர் ரிஜிஸ்டரைத் திறந்தார். "விழுந்ததா ரெக்கார்டு இல்லையேம்மா."

"ரெக்கார்டு இல்ல சார். மரமும் இல்ல."

"யார் சொன்னது எட்டின்னு?"

"பாப்பாயி."

"தண்ணி ஊத்தற பொம்பளை?" அவர் பேனாவை மூடினார். "மேலாபீஸுக்கு எழுதிக் கேக்கிறேன். பதில் வரட்டும். அது வரைக்கும் போர்டுல என்ன இருக்கோ அதைத்தான் சொல்லணும்னு அவகிட்ட சொல்லிடு. ஆளுக்கொண்ணு சொன்னா ஜனங்க நம்மளைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"அது விஷம் சார்."

"அதான் எழுதிக் கேக்கிறேன்னு சொல்றேனே!"

லூர்துராணி பாப்பாயியிடம் அந்த உத்தரவைச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. பாப்பாயி இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை உதறி மறுபடி சொருகினாள்.

"எட்டியத் தேத்தான்னு என் வாயால சொல்லவா? நீங்க சொல்லுவீங்களா கிளார்க்கம்மா?"

"மாட்டேன்."

"அப்ப என்னை மட்டும் சொல்லச் சொன்னா?"

அந்த ஞாயிறும் பாப்பாயி எட்டி என்றே சொன்னாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை புகார்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. எழுதியவர் ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் இருக்கும் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் வேங்கடவரதன். பலகையில் கண்டபடி தாம் தேத்தான் பழங்கள் எட்டு பொறுக்கியதாகவும், ஒரு தோட்டக்காரி அரசாங்கப் பலகையையே பொய் என்று சொல்லித் தம் கையைப் பிடித்துப் பழத்தைப் பறிக்க வந்ததாகவும், மரியாதை தெரியாத இவளை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பழங்களைத் தாம் எடுத்துக்கொண்டு போவதாகக் கடைசி வரியில் இருந்தது.

அமிர்தராஜ் அதைப் படித்துவிட்டுப் பாப்பாயியை எருக்குழி வேலைக்கு மாற்றினார். இனி ஊழியர்கள் யாரும் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லக் கூடாது என்று உத்தரவு டைப் அடிக்கச் சொல்லி லூர்துராணியிடம் கொடுத்தார்.

லூர்துராணி கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டுப் பழம். ஆடி மாதம். ஆற்றில் புதுத் தண்ணீர். அவள் டைப்ரைட்டருக்கு உறை போட்டாள். டிக்கெட் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

"எங்க கிளார்க்கம்மா? மணி பத்துதானே ஆகுது" என்றார் ரஹீம்.

"ஸ்ரீரங்கம் போறேன் பாய். யாராவது கேட்டா ஓடிப்போயிட்டான்னு சொல்லுங்க."

"யார்கூடன்னு கேப்பாங்களே!"

அவள் அதற்கு நிற்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் நாட்டு மருந்துக் கடையில் ஒரு கைப்பிடி தேத்தாங்கொட்டை வாங்கினாள். பிறகு உத்திர வீதியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள்.

வேங்கடவரதன் வாசலுக்கு வந்தார். அவள் யார் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "மன்னிப்புக் கேக்க அனுப்பிச்சாளா? பரவாயில்லை, பரவாயில்லை."

"இல்லீங்க சார். அந்தப் பழத்தை வாங்கிட்டுப் போக வந்தேன். உரைச்சிட்டீங்களா?"

"ஓடு காயறதுக்காக முற்றத்துல வெச்சிருக்கேன். நாளைக்குப் பெருமாள் திருவாராதனத் தீர்த்தத்துக்கே அதைத்தான் உரைக்கப்போறேன். ஏன் தரணும்?"

"அது தேத்தான் இல்லீங்க. எட்டி."

"போர்டுல இருக்கே!"

"போர்டு தப்புங்க."

அவர் நிமிர்ந்தார். "முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாரா இருந்தேன். எழுதிப் போட்டதைத் தப்புன்னு வாயால சொன்னா ஒத்துக்கற ஆள் நானில்லை."

லூர்துராணி கையில் இருந்த கொட்டைகளை நீட்டினாள். "வாயால வேண்டாங்க. இது கடையில வாங்கினது, உருண்டையா இருக்கு. உங்க பழத்துல ஒண்ணை உடைச்சுப் பாருங்க. உள்ளேயும் உருண்டையா இருந்தா நான் இப்படியே போயிடறேன். என் வேலையையும் எடுத்துடச் சொல்லி எழுதுங்க."

உள்ளே இருந்து அவர் மனைவி ரங்கநாயகி அம்மாள் ஒரு பழத்தையும் அம்மிக் குழவியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "நான் அப்போவே சொன்னேன், பார்த்தா தேத்தாங்கொட்டை மாதிரி இல்லையேன்னு. கடைக்காரன் செதுக்கி விக்கறான்னு சொன்னேள்" என்றபடி ஓங்கி ஒரு போடு போட்டார். ஓடு உடைந்தது. வெள்ளைச் சதைக்குள் சட்டைப் பித்தான் போலத் தட்டையாக மூன்று விதைகள் இருந்தன.

வேங்கடவரதன் முற்றத்துக்குப் போய் மீதி ஏழு பழத்தையும் தாமே பொறுக்கிக் கொண்டுவந்து ஒரு பழைய துணியில் கட்டினார்.

"தீர்த்தம் குடிக்கற பேத்திக்கு மூணு வயசு" என்றார். பிறகு குரல் ஏறியது. "இந்த சூப்பரின்டெண்ட் பேரில் கலெக்டருக்கே எழுதறேன் பாரு!"

"அவரைப் பத்தி எழுதணும்னா எழுதுங்க சார். ஆனா முதல்ல, அந்தம்மாவைப் பத்தி நீங்க எழுதினது இன்னும் அந்தப் புத்தகத்துல இருக்கு. அவங்க உங்க கையைப் பிடிச்சது இப்படி ஒண்ணு நடந்துடக் கூடாதுன்னுதான். இப்ப எருக்குழில இருக்காங்க."

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது மேஜையில் மெமோ தயாராக இருந்தது. அனுமதி இல்லாமல் வேலையை விட்டுப் போனதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அவள் உடைத்த பழத்தை அமிர்தராஜ் முன்னால் வைத்தாள். அவர் முகம் வெளுத்துத்தான் போயிற்று.

"சரிம்மா. போர்டை நாளைக்கே மாத்திடறேன். நீயும் ரெண்டு வரியில மன்னிப்பு எழுதிக்கொடு, மெமோவைக் கிழிச்சுப் போட்டுடறேன். ஆனா ஒண்ணு. விளக்கம் சொல்லக் கூடாதுங்கற உத்தரவு அப்படியே இருக்கட்டும். போர்டு சரியாயிடுச்சுன்னா பாப்பாயி எதுக்கு?"

"போர்டு தப்புன்னு கண்டுபிடிச்சது அவங்கதானே சார்."

"படிப்பு இல்லாதவளை அரசாங்கம் சார்பா பேச விட முடியுமா? யோசிச்சுப் பாரு."

"படிச்சவங்க எழுதின போர்டைப் படிச்சவர் நம்பித்தான் சார் பழத்தைப் பொறுக்கினாரு."

"லூர்துராணி, அளவோட பேசு."

"ஜன்னலைச் சாத்திட்டுப் போனது தப்புதான். அந்த மெமோவுக்கு என்ன தண்டனையோ கொடுங்க, வாங்கிக்கறேன். மன்னிப்பு எழுத மாட்டேன். பாப்பாயிக்காவை மரத்துக்கிட்ட விடற வரைக்கும் விடவும் மாட்டேன்."

"என்ன பண்ணுவே?"

அது அவளுக்கே அப்போது தெரியாது. வெளியே வந்துவிட்டாள்.

மறுநாளே பலகை மாறியது. உத்தரவு மட்டும் மாறவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் யோசித்தாள். சனிக்கிழமை, மறுநாளைக்கு லீவ் எழுதிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பாலக்கரை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் பஸ் ஏறினாள். ஜன்னலில் அவளுக்குப் பதிலாக ரஹீம் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு டிக்கெட் கொடுங்க பாய்."

"உங்களுக்கா? என்ன கிளார்க்கம்மா, நம்ம பூங்காவுக்கு நீங்களே டிக்கெட்டா?"

"இன்னைக்கு நான் கிளார்க் இல்ல. சுத்திப் பார்க்க வந்தவ."

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நேராக எருக்குழிக்குத்தான். பாப்பாயி கூடையில் எருவை அள்ளிக்கொண்டிருந்தாள். லூர்துராணி வரப்பில் நின்று உரக்கக் கேட்டாள்.

"அக்கா, இந்த வரிசையில முதல்ல நிக்குதே, அது என்ன மரம்?"

பாப்பாயி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன கிளார்க்கம்மா, விளையாடுறீங்களா? பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"டிக்கெட் வாங்கியிருக்கேன். கேட்டா சொல்ல மாட்டீங்களா?"

"சார் வெராந்தாவுல நிக்கிறாரு."

"நிக்கட்டும்."

நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் இந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றது. போன மாதமும் வந்தவர்கள். "ஏங்க, போன தடவை மரத்தைப் பத்திச் சொன்னீங்களே, நீங்கதானே? எங்க மாமியாரைக் கூட்டிட்டு வந்திருக்கோம், வாங்களேன்" என்றாள் அந்தப் பெண். இன்னும் நாலு பேர் கூடினார்கள். வேங்கடவரதனும் மனைவியோடு வந்திருந்தார். அவர் ஆபீஸ் வாசலில் புகார்ப் புத்தகத்தை வாங்கி, நின்றபடியே தம் பழைய பக்கத்தைக் குறுக்கே அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார். பாப்பாயி முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, அன்னிக்கு நீ சொன்னதைக் கேக்காம போனது என் தப்பு. இன்னிக்கு முதல் மரத்துலேருந்து கேக்கறேன்" என்றார்.

பாப்பாயி கூடையைக் கீழே வைத்தாள். வாய்க்காலில் இறங்கிக் கை கால் கழுவினாள். அவசரப்படவே இல்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். லூர்துராணி மற்றவர்களோடு பின்னால் போனாள்.

மூன்றாவது மரத்துக்குப் போவதற்குள் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அமிர்தராஜ் வெராந்தாவிலிருந்து இறங்கி வேகமாக வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. லூர்துராணி வாயைத் திறக்கப்போனாள். அவள் நான்கு நாளாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த வாக்கியங்கள் அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் அவர் அவளைப் பார்க்கவில்லை.

"பாப்பாயி, உன்னை யார் பேசச் சொன்னது?"

பாப்பாயி கையில் இருந்த இலையைக் கீழே போடவில்லை.

"யாரும் சொல்லலீங்க. கேட்டாங்க, சொல்றேன். எருக்குழில போட்டீங்க, அங்கேயும் வந்து கேட்டாங்க. நாளைக்கு வேற எங்க போட்டாலும் கேப்பாங்க. தெரிஞ்சதை வெச்சுக்கிட்டுத் தெரியாதுன்னு சொல்ல எனக்கு வராதுங்க. வேலையை எடுக்கறதா இருந்தா எடுத்துக்குங்க. இந்த வரிசையை முடிச்சிட்டு வரேன்."

ஒரு குழந்தை, "அப்புறம் என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று அவள் சேலையை இழுத்தது. ரங்கநாயகி அம்மாள், "கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கோ சார், மறைக்கறது" என்றார். யாரோ சிரித்தார்கள். அமிர்தராஜ் சிவந்துபோனார். திரும்பி நாலடி நடந்தார். நின்றார். ஆபீஸுக்குள் போகவில்லை, கூட்டத்தைக் கலைக்கவும் இல்லை. கடைசி ஆளுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். உத்தரவை அவர் எழுத்தில் ஒருபோதும் ரத்து செய்யவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் பாப்பாயியை எருக்குழிக்கு அனுப்பவும் இல்லை.

மெமோவை அவர் கிழிக்கவில்லை. லூர்துராணியும் கிழிக்கச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை டைப்ரைட்டரில் தாளைச் சொருகித் தன் விளக்கத்தைத் தானே அடித்தாள். வேலையை விட்டுப் போனது உண்மை, எதற்காகப் போனேன் என்பது இது, மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் மறுபடியும் போவேன். மூன்று வாக்கியங்கள். கையெழுத்துப் போட்டு அவர் மேஜையில் வைத்துவிட்டு, போய் ஜன்னலைத் திறந்தாள். வெளியே ஏற்கனவே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.